மேனேஜரைத் தூக்கிய அன்று ரசிகர்கள் ஏன் இரண்டாகப் பிரிகிறார்கள்?

பெரியபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நான் ஆதரிக்கிற கால்பந்து கிளப் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தது. மேனேஜரைத் தூக்கிவிட்டார்கள். கூட்டாளிகள் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் என்னவோ போல இருக்கிறது. மேனேஜரை மாற்றினால் அணி உண்மையிலேயே தேறுமா? ரசிகர்கள் ஏன் ஆளுக்கொரு மாதிரி நடந்துகொள்கிறார்கள்?"

தம்பி, சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மேனேஜரை, அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளரை, மாற்றியதும் அணி தேறியது போலத் தெரியும். பல சமயம் அது தானாகவே வந்திருக்க வேண்டிய தேறுதல்தான். ரசிகனுக்கு அன்று வருகிற நிம்மதி பொய்யில்லை. ஆனால் அந்த நிம்மதியில் ஒரு கேள்வியை மறந்துவிடுகிறோம்: இந்த ஆளை வேலைக்கு வைத்தது யார், அவருக்கு ஆட்டக்காரர்களைப் பிடித்துக் கொடுத்தது யார்? உங்கள் மனசை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் படகு இன்ஜின் மெக்கானிக். மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகுகளுக்கு வேலை பார்க்கிறேன். சின்ன வயதில் ஊர் அணிக்கு இடது பக்கம் டிபென்ஸ் ஆடினேன். அப்புறம் ஏழு வருஷம் ஷார்ஜாவில் இருந்தேன். 1999 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் போட்டு பேயர்ன் மியூனிக்கை ஜெயித்ததே, அதை ஒரே அறையில் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். அன்று பிடித்தது, இன்றுவரை விடவில்லை. அதனால் மேனேஜரைத் தூக்குகிற செய்தி எனக்குப் பழகிப்போன ஒன்று. 2013-ல் அந்த கிளப்பின் மேனேஜர் பெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு மோயஸ், வான் கால், மொரினியோ, சோல்ஷியார், டென் ஹாக் என்று வரிசையாகப் பார்த்துவிட்டேன்.

டென் ஹாக் போன நாளைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். 2024 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரம் இரவு ஏழரைக்கு வெஸ்ட் ஹாமோடு ஆட்டம். 90 நிமிஷம் முடிந்து கூடுதல் நேரத்தில் வீடியோ பார்த்து ஒரு பெனால்டி கொடுத்தார்கள். வெஸ்ட் ஹாமின் போவன் போட்டார், 2-1 என்று தோற்றோம். மறுநாள் சாயங்காலம் செய்தி வந்துவிட்டது. லீகில் 9 ஆட்டத்தில் 11 புள்ளி, 14-ஆம் இடம், டென் ஹாக் வெளியே. தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. டீக்கடைக்கு எதிரே பையன்கள் தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த சரவெடியைப் பிரித்துக் கொளுத்திவிட்டார்கள். ஐந்து மாதத்துக்கு முன்னால் மே 25 அன்று மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று ஜெயித்து எஃப்.ஏ. கோப்பையை வாங்கியபோது இதே டென் ஹாக் படத்தை செல்போன் முகப்பில் வைத்திருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அந்தப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. வாரா வாரம் தோல்வியைப் பார்க்கிறவனுக்கு ஒரு பாரம் ஏறிக்கொண்டே போகும். தோற்றது வலிக்கும், அடுத்த வாரமும் இப்படித்தான் இருக்கும் என்பது அதைவிட வலிக்கும். மேனேஜர் போனார் என்றதும் அடுத்த வாரம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் போகிறது. அந்தத் தெரியாமைதான் சந்தோஷம். மனுஷன் மேல் உள்ள வெறுப்பு அதில் கொஞ்சம்தான்.

சரி, அப்புறம் என்ன ஆனது? பழைய ஆட்டக்காரர் வான் நிஸ்டல்ரூய் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். நான்கு ஆட்டம். லெஸ்டரை 5-2, செல்சியோடு 1-1, கிரீஸ் நாட்டு பாவோக் அணியை 2-0, மறுபடி லெஸ்டரை 3-0. மூன்று வெற்றி, ஒரு டிரா. "பார்த்தியா, ஆளை மாத்தினதும் எப்படி ஆடுறாங்க" என்று கடையில் பேச்சு. பிறகு போர்ச்சுகலிலிருந்து ரூபன் அமோரிம் வந்தார். அந்த சீசன் முடிந்தபோது யுனைடெட் 42 புள்ளியோடு 15-ஆம் இடம். டென் ஹாக் விட்டுப்போனதைவிட ஒரு படி கீழே. வான் நிஸ்டல்ரூய் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. அந்த நான்கு ஆட்டத்தில் நல்ல பெயர் வாங்கியவரை, மேனேஜரைத் தூக்கிவிட்டு ஆள் தேடிக்கொண்டிருந்த லெஸ்டர் கூட்டிக்கொண்டு போனது. அந்த லெஸ்டர் அதே சீசனில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. ஆள் ஒன்றுதான். ஒரு இடத்தில் மீட்க வந்தவர், இன்னொரு இடத்தில் மூழ்கியவர்.

புது ஆள் வந்ததும் ஏன் இரண்டு மூன்று ஆட்டம் ஜெயிக்கிறார்கள் என்பதற்கு உண்மையான காரணங்களும் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் தனக்கும் வாய்ப்பு வரும் என்று பயிற்சியில் உயிரைக் கொடுத்து ஓடுவான். நிரந்தரமாக இடம் பிடித்திருந்தவனுக்கு இடம் போய்விடுமோ என்று பயம் வரும். எதிரணிக்கும் இவர்கள் எப்படி ஆடப்போகிறார்கள் என்று சரியாகத் தெரியாது. இதெல்லாம் ஒரு மாதம், ஒன்றரை மாதம் தாங்கும்.

அதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. அது நம் கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு படகு வரிசையாகப் பத்துத் தங்கல், அதாவது பத்துத் தடவை கடலுக்குப் போயும் மீன்பாடு இல்லை என்றால், பெரும்பாலும் பதினோராவது தங்கலில் கொஞ்சமாவது மீன் விழும். யார் ஓட்டினாலும் விழும். படு மோசமான நிலை அப்படியே நீடிக்காது, தன் பழைய அளவுக்கு மெல்லத் திரும்பும். மேனேஜரை எப்போது தூக்குகிறார்கள்? மிக மோசமான நிலையில். அங்கிருந்து மேலே ஏறுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஏறியதும் புது ஆளுக்கு மாலை விழுகிறது. பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார அறிஞர் நெதர்லாந்து லீகில் 1986 முதல் 2004 வரை நடந்த மாற்றங்களை ஆராய்ந்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேனேஜரைத் தூக்கிய கிளப்களை, அதே அளவுக்குச் சறுக்கியும் தூக்காமல் விட்ட கிளப்களோடு ஒப்பிட்டார். தூக்கியவர்களும் தேறினார்கள், தூக்காதவர்களும் ஏறக்குறைய அதே போலத் தேறினார்கள். நீக்கத்தால் வந்த தனி லாபம் என்று ஒன்றும் தென்படவில்லை.

அப்படியானால் முதலாளிகள் ஏன் தூக்குகிறார்கள்? கையில் வேறு எதுவும் இல்லாததால். ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் கோடையிலும் ஜனவரியிலும் மட்டும்தான் சந்தை திறக்கிறது. நவம்பரில் அணி தள்ளாடினால் இருபத்தைந்து பேரையும் மாற்ற முடியாது. ஒரே ஒருவரைத்தான் மாற்ற முடியும். இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகில் 20 அணி, 38 ஆட்டம், கடைசி மூன்று இடத்தில் நிற்பவர்கள் இறங்கிவிடுவார்கள். லீகில் கடைசியாக வருகிற கிளப்புக்கே பரிசும் ஒளிபரப்புப் பங்குமாகச் சேர்த்து 10 கோடி பவுண்டு அளவுக்குக் கிடைக்கிறது. இறங்கிவிட்டால் அந்த வரத்து போய்விடும். முதலாளிக்கு ராத்திரித் தூக்கம் போவது இதனால்தான்.

இங்கே நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் ஒரு விசைப்படகு. சம்மாட்டி, அதாவது படகின் முதலாளி, நல்ல மனிதர், கை தாராளம். ஒரு வருஷத்தில் மூன்று டிரைவரை மாற்றினார். இறால் இல்லை, நண்டு இல்லை, கணவாய் இல்லை. சங்காயம் என்கிற கழிவு மீன் மட்டும் வந்துகொண்டிருந்தது, அது டீசல் காசுக்கே காணாது. முதல் டிரைவருக்குத் தொழில் தெரியவில்லை என்றார். இரண்டாவது ஆள் குடிக்கிறார் என்றார். இரண்டு பேரையும் அனுப்பும்போது அவர்களுக்குக் கொடுத்த முன்பணமும் போனது. மூன்றாவதாக வந்தவர் பாம்பன்காரர், ரொம்பப் பேசமாட்டார். அவர் என்னிடம் வந்து, "அண்ணே, இன்ஜின் சத்தம் போடுது, ஆனா படகு இழுக்க மாட்டேங்குது. மடி கனமாவே இல்ல" என்றார். மடி என்றால் வலை.

அந்த வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் படகெல்லாம் கட்டிக் கிடக்குமே அப்போது, கரையேற்றிப் பார்த்தேன். புரொப்பெல்லரில் ஒரு இலையின் நுனி விரல்கடை அளவுக்கு மடங்கி இருந்தது. ஷாஃப்ட் பேரிங் தேய்ந்து, கையால் ஆட்டினாலே ஆடியது. இது மாதக்கணக்கில் இருந்த கோளாறு. இழுவை மடி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். படகு ஒரே சீராக, போதுமான வேகத்தில் இழுத்தால்தான் இரண்டு பக்கத்துப் பலகையும் தண்ணீரில் விரியும். பலகை விரிந்தால்தான் மடியின் வாய் திறக்கும். வேகம் குறைந்தால் வாய் சுருங்கிவிடும். மீன் அதற்கு முன்னாலேயே நீந்திப் போய்விடும். எத்தனை கெட்டிக்கார டிரைவர் வந்தாலும், மீன் இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய் விட்டாலும், சுருங்கிய வாயில் என்ன விழும்? சரி செய்து கொடுத்தேன், படகு இழுத்தது. முதலில் போன டிரைவரைச் சம்மாட்டி திரும்பக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. வேறு படகில் சேர்ந்துவிட்டார்.

யுனைடெட்டில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். 2024 ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள். அந்தக் கோடையில் டி லிக்ட், மஸ்ரவி என்று அவர் முன்பு அயாக்ஸ் கிளப்பில் வைத்து ஆடவிட்டவர்களையே வாங்கிக் கொடுத்தார்கள். நான்கு மாதத்துக்குள் அவரைத் தூக்கினார்கள். அவரையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்பிவைத்ததில் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவு. பிறகு கூட்டி வந்த அமோரிமோ மூன்று டிபென்டரை வைத்து, இரு ஓரத்திலும் மேலும் கீழும் ஓடுகிற ஆட்களை நம்பி ஆடுகிறவர். அது கிளப்புக்கு முன்கூட்டியே தெரியும், அந்த ஆட்டத்துக்காகத்தான் அவரைக் கூட்டி வந்ததே. ஆனால் இருந்த ஆட்டக்காரர்கள் நான்கு டிபென்டர் ஆட்டத்துக்காகச் சேர்த்தவர்கள். இழுவைக்குக் கட்டிய படகில் தூண்டில்காரரை ஏற்றிவிட்டு மீன் எங்கே என்று கேட்ட கதை. இதில் டென் ஹாக் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் அணியில் நடுக்களம் பல ஆட்டத்தில் ஆளில்லாத வெளியாகக் கிடந்தது, எதிரணி அதன் வழியாக நடந்தே வந்தது. அது அவருடைய குற்றம்தான். ஆனால் சரவெடி கொளுத்திய இரவில் சம்மாட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்தப் பேச்சைச் சரியாக எடுத்த ரசிகர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் இந்தியன் சூப்பர் லீக் அணியான கேரளா பிளாஸ்டர்ஸ், 12 ஆட்டத்தில் 3 வெற்றியோடு திணறியபோது சுவீடன்காரர் மிக்கேல் ஸ்டாரேயை நீக்கியது. அந்த கிளப்பின் பெரிய ரசிகர் அமைப்பான மஞ்ஞப்பட அதோடு சமாதானமாகவில்லை. அவர்களுடைய கோபம் நிர்வாகத்தின் மேல் இருந்தது, போராட்டமும் நிர்வாகத்தை எதிர்த்துத்தான். 2014-லிருந்து மூன்று முறை இறுதிக்கு வந்தும் ஒரு கோப்பை இல்லை, எத்தனையோ மேனேஜர் வந்து போய்விட்டார்கள் என்றால் கோளாறு மேனேஜர் நாற்காலியில் மட்டும் இருக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது சரியான கணக்காகப் படுகிறது.

ஆனால் மாற்றமே வேண்டாம் என்று சொன்னால் அதுவும் தப்பு. அதே லீகில் ஆடிய நம் சென்னையின் எஃப்சியையே எடுங்கள். 2018-ல் கோப்பை வாங்கிக் கொடுத்த ஜான் கிரிகரி, 2019-20 சீசனில் முதல் 6 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றியோடு விலகினார். ஓவன் கோயல் வந்தார். பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். முன்னால் போய் நெருக்கி ஆடச் சொன்னார். வால்ஸ்கிஸ் கோல் மேல் கோலாகப் போட்டு, அந்த சீசனில் 15 கோல் அடித்தார். அணி இறுதி ஆட்டம் வரை போனது. 2020 மார்ச்சில் கோவாவில், கொரோனாவால் பார்வையாளரே இல்லாத மைதானத்தில், கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். கோப்பை வரவில்லை என்றாலும் அது உண்மையான தேறுதல். ஏன் என்றால் அங்கே ஆட்டக்காரர்கள் சரியாகவே இருந்தார்கள், அவர்களை ஆடவிட்ட முறைதான் ஒத்துவரவில்லை. இன்ஜின் நன்றாக இருந்து டிரைவர்தான் தவறான ஆழத்தில் மடி போட்டார் என்றால் டிரைவரை மாற்றத்தான் வேண்டும்.

இதற்கு நேர் எதிர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன். 2024 டிசம்பரில் சொந்த மைதானத்தில் டாட்டன்ஹாமிடம் 5-0 வாங்கியதும் ரசல் மார்ட்டினைத் தூக்கினார்கள். அப்போது 16 ஆட்டத்தில் 5 புள்ளி. புது ஆள் வந்தும் ஏழு ஆட்டம் மீதி இருக்கும்போதே இறங்கிவிட்டார்கள். பிரீமியர் லீகில் அதற்கு முன் யாரும் அவ்வளவு சீக்கிரம் இறங்கியதில்லை. சீசன் முழுக்கச் சேர்த்து 12 புள்ளி. அந்த ஆட்டக்காரர்களால் அந்த லீகில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஏன் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் அழுகிறார்கள்?

லீட்ஸ் யுனைடெட் ரசிகர்களைப் பாருங்கள். அர்ஜென்டினாக்காரர் மார்செலோ பியெல்சா, 16 வருஷம் கீழே கிடந்த கிளப்பை 2020-ல் பிரீமியர் லீகுக்குக் கொண்டுவந்தார். ஆட்டம் நடக்கும்போது கோட்டோரமாக ஒரு நீல வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருப்பார். ஒரு சாதாரண ரசிகன் டிக்கெட் வாங்க எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று விசாரித்து, அத்தனை மணி நேரம் தன் ஆட்டக்காரர்களைக் குப்பை பொறுக்க வைத்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 2022 பிப்ரவரியில் அவருடைய அணி ஐந்து ஆட்டத்தில் 20 கோல் வாங்கியது. இருபது! கடைசியில் டாட்டன்ஹாமிடம் 4-0. மறுநாள் அவரை நீக்கினார்கள். கணக்குப்படி யாராலும் மறுத்துப் பேச முடியாத முடிவு. ஆனால் ரசிகர்கள் பயிற்சி மைதான வாசலில் போய் நின்றார்கள், கண் கலங்கினார்கள். புது மேனேஜர் ஜெஸ்ஸி மார்ஷ் வந்த பிறகும் மைதானத்தில் பியெல்சா பெயரைப் பாடினார்கள். மார்ஷ் அந்த சீசனின் கடைசி நாளில் பிரென்ட்ஃபோர்டை 2-1 என்று ஜெயித்து லீட்ஸைக் காப்பாற்றினார். அப்படியும் லீட்ஸ் நகரத்துச் சுவர்களில் வரைந்து வைத்திருப்பது பியெல்சா முகத்தைத்தான்.

லெஸ்டரில் மேனேஜர் ரனியேரிக்கு நடந்ததும் இதே ரகம். 2016-ல் யாருமே நினைக்காத பிரீமியர் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரை ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரியில் தூக்கினார்கள். அப்போது லெஸ்டர் இறங்கும் இடத்துக்கு ஒரே புள்ளி மேலே. அந்த வருஷம் பிறந்ததிலிருந்து லீகில் ஒரு கோல்கூட இல்லை. தூக்கிய பிறகு முதல் ஆட்டத்திலேயே லிவர்பூலை 3-1 என்று ஜெயித்தார்கள். சீசன் முடிவில் 12-ஆம் இடம். அதாவது நீக்கம் பலித்தது. பலித்த பிறகும் லெஸ்டர் ரசிகர்களில் பலருக்கு அது ஆறாத புண். முடிவு சரியாக இருந்தும் மனசு ஏற்காத நேரம் உண்டு தம்பி. உங்களுக்கு நடந்திருப்பது அதுவாக இருக்கலாம்.

இந்த வலி என்னவென்று நான் எங்கள் ஊர் மணல் மைதானத்தில் தெரிந்துகொண்டேன். எங்கள் அணிக்கு ஒரு மாஸ்டர் இருந்தார், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். பத்து வருஷத்துக்கும் மேலாகக் காசு வாங்காமல் பயிற்சி கொடுத்தார். ஒரு வருஷம் மின்னொளிப் போட்டிகளில் தொடர்ந்து மூன்று தடவை முதல் சுற்றிலேயே வெளியேறினோம். கமிட்டி கூடியது. மாஸ்டருக்கு வயசாகிவிட்டது, புது ஆளைப் பார்ப்போம் என்றார்கள். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். மறுநாள் சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு மாஸ்டர் மைதானத்துக்கு வந்து எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்தார். ஏழு பந்து, சாயம் போன பனியன் ஒரு மூட்டை, கூம்புகள், பம்பு. கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி. "இதத் தொலச்சுறாதப்பா, மதுரைக்குப் போனாத்தான் கெடைக்கும்" என்றார். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

புதுப் பயிற்சியாளர் வந்தார், வெளியூர்க்காரர், விஷயம் தெரிந்தவர்தான். முதல் இரண்டு போட்டியில் அரையிறுதி வரை போனோம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நான்காவது மாதம் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தோம். மாஸ்டரின் கடைசி வருஷத்தில் எங்கள் நடுக்களத்திலிருந்து நான்கு பேர் விசா கிடைத்து சவுதிக்கும் கத்தாருக்கும் போயிருந்தார்கள். பதினாறு, பதினேழு வயசுப் பையன்களை வைத்து அவர் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். கமிட்டியில் இருந்த எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். விமானம் ஏற்றிவிடப் போனவர்களே நாங்கள்தான். இருந்தும் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் அது வரவில்லை. பையன்களைத் தயார் செய்வது நாலு வருஷ வேலை, மாஸ்டரை அனுப்புவது ஒரு சாயங்கால வேலை. நாங்கள் சுலபமானதைச் செய்தோம். ஏழெட்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் டீ போடச் சொல்லிவிட்டு, பையன்களில் யார் இடது காலில் அடிக்கப் பழகியிருக்கிறான் என்று விசாரித்தார்.

ஆகவே ரசிகர்கள் பிரிவது பொதுவாக இந்தக் கோட்டில்தான். மேனேஜரை ஒரு வேலையாளாகப் பார்த்தவனுக்கு நீக்கம் நிம்மதி. தன் வீட்டு ஆளாக எடுத்துக்கொண்டவனுக்கு அது இழவு. சிலர் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்பார்கள். 2025-ல் டாட்டன்ஹாம் ரசிகர்கள் அப்படித்தான் நின்றார்கள். அவர்களுடைய மேனேஜர் போஸ்டகோக்லு 17 வருஷத்துக்குப் பிறகு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தார், இறுதி ஆட்டத்தில் தோற்றது எங்கள் யுனைடெட். அதே சீசனில் லீகில் 17-ஆம் இடம். கோப்பை வாங்கிய 16-ஆம் நாள் அவரை நீக்கினார்கள். அந்த ரசிகர்களிடம் கேட்டால் சந்தோஷம் என்றும் சொல்ல முடியவில்லை, வருத்தம் என்றும் சொல்ல முடியவில்லை.

கூட்டாளிகளோடு இதைப் பேசினால், கட்டாயம் ஒருவர் பெர்குசன் கதையை எடுப்பார். 1986 நவம்பரில் வந்தார், மூன்று வருஷம் கோப்பை இல்லை, 1989 கடைசியில் போகச் சொல்லி பேனர் பிடித்தார்கள், 1990-ல் எஃப்.ஏ. கோப்பை வந்தது, அப்புறம் மொத்தம் 38 கோப்பை என்று. எல்லாம் நிஜம்தான். ஆனால் அதை வைத்து எந்த மேனேஜருக்கும் காலம் கொடுக்க வேண்டும் என்று வாதாடாதீர்கள். பெர்குசனின் அந்த மூன்று வருஷத்தில் முதல் அணி தடுமாறினாலும், கீழே சிறுவர்களைத் தேடிப் பிடிக்கிற வேலை முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. ரயன் கிக்ஸ் அந்த வேலையில் வந்தவர். ஆர்சனலில் மேனேஜர் ஆர்டெட்டா அடுத்தடுத்து இரண்டு சீசன் 8-ஆம் இடம். 2021-ல் முதல் மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லாமல் தோல்வி. அப்படியும் கிளப் அவரைக் காத்தது. ஏன் என்றால் அணியின் வயசு குறைந்துகொண்டிருந்தது, அவர் கேட்ட மாதிரியான ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். 2023, 2024, 2025 மூன்று வருஷமும் இரண்டாம் இடம். புள்ளிப் பட்டியலில் தெரியாத ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருந்தால்தான் பொறுமைக்கு அர்த்தம் உண்டு. ஒன்றுமே வளரவில்லை என்றால் காத்திருப்பது வீண்.

உங்கள் கிளப் விஷயத்தில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அடுத்த நான்கைந்து ஆட்டத்தின் முடிவை வைத்து எதையும் தீர்மானிக்க மாட்டேன். ஆள் மாறிய புதிதில் பல அணிகள் ஜெயிக்கத்தான் செய்யும். புது மேனேஜர் இதற்கு முன் எந்த மாதிரி ஆட்டம் ஆடவைத்தவர் என்று பாருங்கள், இருக்கிற ஆட்டக்காரர்களோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். ஜனவரிச் சந்தையில் கிளப் யாரை வாங்குகிறது, அவரைக் கேட்டு வாங்குகிறதா, யாரோ மேலிருப்பவர் ஆசைக்கு வாங்குகிறதா என்பது அதைவிட முக்கியம். முன்பு இருந்தவரைத் தேர்ந்தெடுத்த அதே ஆட்கள்தான் இவரையும் தேர்ந்தெடுத்தார்களா, அவர்கள் யாராவது பதில் சொன்னார்களா என்று கேளுங்கள். 2025-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், முந்தைய சீசனில் 7-ஆம் இடம் பிடித்துக் கொடுத்த நூனோவை செப்டம்பரில் அனுப்பிவிட்டு போஸ்டகோக்லுவைக் கூட்டி வந்தது. அவரை 39-ஆவது நாள், செல்சியிடம் தோற்ற ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே தூக்கியது. அப்படிப்பட்ட இடத்தில் எந்த மேனேஜரையும் திட்டிப் பயன் இல்லை.

போன மேனேஜருக்காக வருத்தப்படுவதைக் கூட்டாளிகளிடம் மறைக்காதீர்கள். அவர்களிலும் நாலு பேருக்கு அதே உறுத்தல் இருக்கும், முதலில் சொல்ல ஆள் இல்லாமல் பட்டாசு வெடித்திருப்பார்கள். டென் ஹாக் போன அன்று, சரவெடி ஓய்ந்து எல்லாரும் கலைந்த பிறகு, பாம்பன் பையன் ஒருவன் என் பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "மாமா, கோப்பை வாங்கிக் குடுத்தாருல்ல" என்றான். ஆமாம்டா என்றேன். ரெண்டு பேரும் போய் அந்தக் கோப்பை ஆட்டத்தின் கோல்களை செல்போனில் இன்னொரு தடவை பார்த்தோம்.